நாம் கேட்ட நான்கு நிமிடங்கள்

நம் பங்கு அலுவலகத்தை ஒட்டி ஒரு சிற்றறை உண்டு. ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றின் பழம் பதிவேடுகள் சுவர் மறையுமளவு அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கறையானுக்கு மருந்து தெளிக்க வருவோரைத் தவிர அங்கே நுழைவார் இலர். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மகள் வந்து அந்த அறையின் சாவியைக் கேட்டாள். முதலில் அவள் கேட்டது வேறோர் இடம். “கோவிலிலேயே சத்தம் நுழையாத இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டிதான், ஃபாதர். காலையில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்துகொள்ளட்டுமா?” என்றாள். நாம் சிரித்து மறுத்தோம். பிறகுதான் பதிவேட்டு அறை நினைவுக்கு வந்தது. உள்ளே சென்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தவள், “இவ்வளவு காகிதம் இருந்தால் எதிரொலி எங்கிருந்து வரும்!” என்று மகிழ்ந்தாள்.

அவள் நம் பங்கின் பிள்ளை. சென்னையில் நாளிதழ் ஒன்றில் பணி செய்தவள். 2020-இல் கொரோனா நோய்க்காலத்தில் பல இதழ்கள் ஆள்களைக் குறைத்தபோது வேலையை இழந்து ஊர் திரும்பினாள். அதுமுதல் எந்த நிறுவனத்தையும் சாராமல் தனித்து எழுதுகிறாள், பாட்காஸ்டும் நடத்துகிறாள். பாட்காஸ்ட் என்பது ஏறத்தாழ வானொலி நிகழ்ச்சிதான். ஆனால் குறித்த வேளையில் வந்து காற்றில் கரைந்துவிடாது. இணையத்தில் ஏற்றி வைப்பார்கள். வேண்டியவர் வேண்டியபோது கைப்பேசியில் கேட்கலாம். சிற்றலையில் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பை, இரைச்சலுக்கு நடுவே காதை வைத்துக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அந்தச் சிற்றலை 2018-இல் நின்று, அவ்வானொலியும் இணையத்துக்குச் சென்றுவிட்டது.

உண்மையைச் சொன்னால், அம்மகளின் தொழிலை நாம் தொழிலாகவே மதிக்கவில்லை. அவளுடைய தாயார் ஒருநாள் குருமனைக்கு வந்து, “பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்க சாமி, நீங்க சொன்னா கேப்பா” என்று கண்கலங்கினார். நாமும் சொன்னோம். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பரீட்சை மட்டும் எழுதவில்லை.

சாவியைக் கொடுத்த பிறகே அவளுடைய ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்று கண்டோம். திங்களன்று ஆசிரியர்களுக்கு மடல் எழுதுவாள். இன்ன பொருள்பற்றி எழுத விரும்புகிறேன், ஏற்பீர்களா என்று நான்கைந்து இடங்களுக்கு எழுதினால், ஓரிடத்திலிருந்து மறுமொழி வரும். மற்றவர்கள் ‘வேண்டாம்’ என்றுகூடச் சொல்லமாட்டார்கள். செவ்வாயும் புதனும் பேருந்துப் பயணம். கட்டணம் அவள் கையிலிருந்து. பேச இசைந்தவர் சில வேளை வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். இருந்தால், எதிரே அமர்ந்து கேட்பாள். பேட்டி முடிந்ததும், “ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள்” என்று வேண்டி, அந்த வீட்டின் மௌனத்தையும் பதிவு செய்துகொள்வாள். இதைக் கேட்டதும் ஏதோ செபம் என்றே எண்ணினோம். அப்படியன்று, ஒவ்வோர் அறையின் மௌனமும் ஒவ்வொரு விதமாம். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் பள்ளங்களை அந்த வீட்டு மௌனத்தைக் கொண்டே நிரப்ப வேண்டுமாம். கடலோர வீடானால் அந்த மௌனத்துக்குள்ளேயும் கடல் கேட்கும் என்றாள்.

வியாழனன்று பதிவேட்டு அறை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. தானே எழுத்தாக்கித் தரும் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனால் நம் கடற்கரைப் பேச்சுக்கு முன்னே அவை திணறுகின்றன. வாடைக் காற்று என்று ஒரு முதியவர் சொன்னதை அக்கருவி ‘வாடகைக் காற்று’ என்று எழுதியதைக் காட்டிச் சிரித்தாள். வெள்ளியும் சனியும் வெட்டுதல், கோத்தல், ஏற்றுதல். பிறகு பற்றுச்சீட்டு அனுப்பிவிட்டுக் காத்திருத்தல். வெளியான பின்பே ஊதியம். அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்து, பத்து விழுக்காடு வருமான வரி பிடித்ததுபோக வரும். நோயென்று படுத்தால் அந்த வாரத்துக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அவள் கண்ணயர்வதைப் பீடத்திலிருந்து கண்டு முன்பு சினந்ததுண்டு. பிற்பாடு சினக்கவில்லை.

திருச்சபை இத்தொழிலைச் சிறிதாக எண்ணவில்லை என்பதை நாமே மறந்திருந்தோம். 1963 திசம்பர் 4-இல் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றித் தனி ஏடு வெளியிட்டது. 1967-இலிருந்து அதற்கென்று ஆண்டுதோறும் ஒரு நாளும் உண்டு. 2022-ஆம் ஆண்டு அந்நாளுக்கு விடுத்த செய்தியில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டலையே பொருளாக எடுத்துக்கொண்டார். பாட்காஸ்ட்டையும் அதில் குறிப்பிட்டார். அதே ஆண்டு மே 15-இல் நம் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்ட வேளையில், அதே பீடத்தில் உயர்த்தப்பட்ட மற்றொருவர் தீத்துஸ் பிரான்ட்ஸ்மா. கார்மேல் சபைக் குரு; பத்திரிகையாளர். நாத்சிகளின் விளம்பரங்களைக் கத்தோலிக்க ஏடுகள் வெளியிடலாகாது என்று ஆசிரியர்களை நேரில் கண்டு சொல்லப் பயணம் போனதற்காகச் சிறைப்பட்டு, 1942-இல் டாக்காவு முகாமில் உயிர்நீத்தவர். அன்று நம்மவர் கண்களெல்லாம் தேவசகாயத்தின்மீதே இருந்தன, நம்முடையவையும்தாம்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்வோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியதை வாசக அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தங்கல் தொழிலுக்கு ஆழ்கடல் சென்றவர்களில் பலருடைய உடல்கூடக் கரை சேரவில்லை. காணாமற்போனவர் இறந்தவராகக் கொள்ளப்பட ஏழாண்டு கழியவேண்டும் என்பது சட்டம். அதைத் தளர்த்தி அரசு சான்று வழங்கியது. அச்சான்றைக் கையில் வாங்கிய பெண்கள் அதன்பின் எப்படி வாழ்கிறார்கள் என்று ஐந்து பகுதிகள் செய்ய ஓர் இணைய இதழ் அவளிடம் இசைந்திருந்தது. பல மாத உழைப்பு.

சென்ற தவக்காலத்தில் ஒரு வியாழன், அவ்வறையைக் கடந்தபோது அவள் அழுதுகொண்டிருக்கக் கண்டோம். என்னவென்றோம். சொல்லத் தயங்கினாள். பிறகு காதொலிப்பானைக் கழற்றி நம்மிடம் நீட்டினாள். வேறு பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் குரல். கணவர் கடைசியாகக் கடலுக்குப் புறப்பட்ட விடியலில் அவர்களுக்குள் ஒரு சச்சரவு. அப்போது அந்தத் தாய் சொன்ன ஒரு வார்த்தை. அதன்பின் எந்த வார்த்தையும் சொல்ல வாய்க்கவில்லை. நான்கு நிமிடம், முடிவில், “இத மட்டும் போட்டிராத மக்களே” என்று கெஞ்சும் குரல். அப்பகுதியை வெட்டி அழிக்கத்தான் அம்மகள் அமர்ந்திருந்தாள். பாரம் தாங்காமல் ஒரு குருவிடம் இறக்கிவைத்தாள்.

அந்த ஞாயிறு, உறவினரோடு ஒப்புரவாவதுபற்றிப் பிரசங்கித்தோம். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. “கடலோரத்தில் ஒரு தாய்” என்று தொடங்கி, அந்த விடியலையும் அந்த வார்த்தையையும் சொன்னோம். கோவில் முழுதும் விம்மியது. திருப்பலி முடிந்து பலர் வந்து, உள்ளத்தைத் தொட்டது சாமி என்றார்கள். நாமும் நிறைவோடுதான் உணவருந்தினோம். கடற்கரையில் எந்த வீடு எந்த வீட்டோடு கொண்டு கொடுத்தது என்பதை, பதிவேடுகளையே காத்துவருகின்ற நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. அந்தத் தாயின் நாத்தனார் மகள் நம் பங்கில் வாழ்க்கைப்பட்டவர். மாலைக்குள் செய்தி போய்விட்டது. இறந்தவரின் வீட்டாருக்கும் போய்விட்டது.

அன்றிரவே அந்தத் தாய் அம்மகளைத் தொலைபேசியில் அழைத்து, தாம் பேசியதில் ஒரு சொல்கூட வெளிவரலாகாது என்று சொல்லிவிட்டார். அவளும் இணங்கினாள். மறுநாள் நம் கண்முன்னே அந்தக் கோப்புகள் அனைத்தையும் அழித்தாள். தொடரின் நடுப்பகுதியே அதுதான். மற்ற பெண்களில் இருவரும் பின்வாங்கினர்; தொடர் நின்றது; ஊதியமும் போயிற்று. அவளுக்கு ஏற்பட்ட இழப்பை நாம் ஈடுசெய்கிறோம் என்றபோது வாங்க மறுத்தாள். நம்மைக் குறை சொல்லவுமில்லை. “உங்களைக் கேட்கவைத்தது நான்தானே, ஃபாதர்” என்றாள். அந்தச் சொல்லைக் காட்டிலும் அவள் ஏசியிருக்கலாம்.

அந்தத் தாயைக் காண நாம் தனியே சென்றோம். நாற்காலி போட்டார், கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மன்னிப்புக் கேட்டோம். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். “பாவசங்கீர்த்தனத்துல சொன்னா வெளிய சொல்லமாட்டிய. இது அதுல சேராதா சாமி?” என்று கேட்டார். குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் இக்கேள்விக்கு விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். அந்தத் திண்ணையில் ஒன்றும் எழவில்லை. உள்ளே சுவரில் மாலையிட்ட படம் இருந்தது. இருவரும் பேசாதிருந்தோம். அம்மகள் சொன்னபடியே, அந்த மௌனத்தில் கடல் கேட்டது. விடைபெறும்போது மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆசீர்வாதம் கேட்டு நெற்றியைக் காட்டினார். சிலுவை வரைந்துவிட்டு வந்தோம்.

அம்மகள் இப்போது உப்பளத் தொழிலாளரைப்பற்றி ஏதோ செய்கிறாள். வியாழக்கிழமைகளில் வந்து சாவி வாங்கிக்கொள்கிறாள். முன்பு திறந்தே கிடக்கும் கதவு இப்போது உள்ளே தாழிட்டிருக்கிறது. நான்கு மணிக்குத் தேநீர் கொண்டுபோகும் கோவில்பிள்ளை தட்டினால் திறக்கிறாள். நாம் தட்டுவதில்லை.