டிரெஸ்ஸர் போன பிறகு

மலேசியாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு மருத்துவம் என்பது நெடுங்காலம் ஒரே ஒரு மனிதரின் உருவில் இருந்தது. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு ஊசி குத்திய அவரை மக்கள் டிரெஸ்ஸர் என்றே அழைத்தனர். பட்டம் பெற்ற மருத்துவர் மாதத்தில் ஓரிரு நாள் காரில் வந்து திரும்புவார்; மற்ற நாள்களிலெல்லாம் டிரெஸ்ஸரே கதி. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது என்றால், அவர்களை நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனை என்பதை உணரலாம்.

அக்காலத்தைப் பொற்காலமெனப் பாடுவாரும் உளர். அது பொருந்தாது. டிரெஸ்ஸர் தோட்ட நிர்வாகத்தின் சம்பளக்காரர். வயிற்று வலியென்று வந்த பால்மரத் தொழிலாளி உண்மையாகவே நோயாளியா, வேலைக்கு டிமிக்கி கொடுப்பவரா என்று தீர்மானிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது. அந்தச் சந்தேகத்தால் உரிய நேரத்தில் பட்டணத்து மருத்துவமனையை எட்டாமற் போனவர்களும் உண்டு. ஆயினும் அவரிடம் ஒரு பெருமை இருந்தது: ஆட்களை அவருக்குத் தெரியும். எந்த லயத்தில் எந்தக் கிழவிக்கு மூச்சு இரைக்கும், எந்த வீட்டில் பிள்ளைகள் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகின்றனர், யார் சனிக்கிழமை மாலைகளில் கள்ளுக்கடையே கதியென்று கிடக்கின்றனர் என்பதெல்லாம் ஏட்டைப் புரட்டாமலே அவருக்குத் தெரியும்.

தோட்டத்துக்கு வெளியே அரசாங்கம் வேறொரு பாதையை வகுத்தது. 1950களில் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டம் 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று கணக்கிட்டு நாட்டுப்புறமெங்கும் பரவியது. 1970களில் இந்த மூன்றடுக்கு முறை இரண்டடுக்காக மாறி, 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையமும் 4,000 பேருக்கு ஒரு கிராமக் கிளினிக்கும் என்றாயிற்று. கம்பங்களில் தாய்சேய் மரணத்தைக் குறைத்த பெருஞ்செயல் அது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோரைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று கருதப்பட்டமையால், கணக்கின் பெரும்பகுதி தோட்ட வாயிலோடு நின்றுவிட்டது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயத்துக் குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் புறநகர்த் தாமான்களுக்கும் பெயர்ந்தன. இரப்பரோடு டிரெஸ்ஸரும் போனார். அவருக்குப் பதிலாகக் கிடைத்தது அவரைவிடப் பன்மடங்கு மேலானது என்பதை மறைக்கலாகாது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் கட்டும் கட்டணம் ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளியில் மருத்துவரும் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் அடங்கும். உலகில் இவ்வளவு மலிவாக மருத்துவம் தரும் நாடுகள் சிலவே.

எனினும் அந்த ஒரு வெள்ளியை அடைய ஒரு மூதாட்டிக்கு ஆகும் செலவை எந்தப் பேரேடும் எழுதுவதில்லை. பேருந்து வராத தாமானிலிருந்து வாடகைக் காருக்குப் போக வரப் பதினைந்து இருபது வெள்ளி. துணைக்கு வரும் மகளுக்கு அரைநாள் கூலி. முன்பதிவு செய்யக் கைப்பேசியில் மைசெஜாத்ரா. அதில் எழுத்துக்கூட்டப் பேரப்பிள்ளை. எல்லாம் முடிந்து உள்ளே போனால் எதிரே அமர்ந்திருப்பவர் சென்ற முறை பார்த்த மருத்துவர் அல்லர். அவர் மாற்றலாகிப் போயிருப்பார். 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒப்பந்த மருத்துவர் முறை வந்தபின் இளம் மருத்துவர்கள் ஓரிடத்தில் வேரூன்றுவது மேலும் அரிதாயிற்று. புதியவர் கணினியைப் பார்க்கிறார். மூதாட்டி தம் கால்களைப் பார்க்கிறார்.

கால்களில்தான் காரியமே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டின் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! இந்நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். முள் குத்தியது தெரியாது. புண் புரையோடிய பிறகே நாற்றத்தால் தெரியவரும். சென்ற மாதம் சரியாக இருந்த பாதத்தைப் பார்த்தவரே இந்த மாதமும் பார்த்தால் கால் தப்பும். குடும்ப மருத்துவர் என்ற சொல்லின் பொருள் இவ்வளவே. அது செல்வர்க்குரிய ஆடம்பரமன்று.

அரசாங்கம் இதை அறியாததன்று. சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில், நோயாளிகளைக் குடியிருப்புப் பகுதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பிட்ட மருத்துவரும் தாதியரும் அடங்கிய ஒரு குழுவைப் பொறுப்பாக்கும் குடும்ப மருத்துவர் முறை புகுத்தப்பட்டுள்ளது. டிரெஸ்ஸரிடமிருந்த அந்த ஒரே பெருமையைப் பட்டம் பெற்ற மருத்துவரிடம் சேர்க்கும் முயற்சி இது. ஆட்பற்றாக்குறையே இதற்கு முட்டுக்கட்டை. குழுவில் இருவர் மாற்றலானால் குழு பெயரளவில்தான் நிற்கும். 2023இல் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டம் குறைந்த வருமானத்தினரைத் தனியார் கிளினிக்கின் படியேற்றியது, நல்லதே. ஆனால் அது காய்ச்சல், இருமல் போன்ற திடீர் நோய்களுக்கானது. ஆண்டுக்கணக்கில் உடன்வாழும் நோய்க்கு வீட்டருகே ஒருவர் வேண்டும். அக்கம்பக்கத்துத் தனியார் மருத்துவரிடமே இந்நோயாளிகளை ஒப்படைத்து, செலவை அரசு ஏற்கலாகாதா? கட்டடம் கட்டுவதைவிட இது விரைவில் ஆகக்கூடிய காரியம்.

இதன் சுமை தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் விழுகிறது. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர் வராத நாளுக்குக் காரணம், ‘பாட்டியோடு கிளினிக் போனேன்’ என்பது. அப்பிள்ளைதான் முகப்பில் எண் எடுக்கிறது. மருத்துவர் மலாயில் கேட்பதைத் தமிழில் சொல்கிறது. பாட்டி தமிழில் சொல்வதில் பாதியை, சொல் தெரியாமல் விழுங்கிவிடுகிறது. ‘கால் மரத்துப் போகிறது’ என்பதற்குப் பதினொரு வயதில் மலாய்ச் சொல்லுக்கு எங்கே போவது? மருத்துவர் வலி மாத்திரை எழுதுகிறார். அட்டையில் அடுத்த தேதி குறிக்கப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் ஒரு பள்ளி நாளே.