பழைய ஐகானும் பின் சக்கர பிரேக்கும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. மலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் அப்படி ஒருவரைத் தெரிந்தால் அனுப்பி வையுங்கள்.

என் தம்பி மகனிடம் ஒரு பழைய ஃபோர்டு ஐகான் 1.6 இருக்கிறது. 1999இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஐகான் வந்தபோது ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்தார்கள். சிறிய உடம்பு, 90 குதிரைத்திறனுக்கு மேல் இன்ஜின். அந்தக் காலத்துப் பையன்களுக்குக் கனவு வண்டி. இன்றும் ஏற்றத்தில் நன்றாகத்தான் ஏறுகிறது. ஆனால் நம் ஊரில் வண்டியின் லட்சணம் இறக்கத்தில்தான் தெரியும்.

அவன் அம்மாவுக்கு மாதம் இரண்டு முறை கோவையில் சிகிச்சை. கீழ் கோத்தகிரியிலிருந்து அரவேனு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். சில மாதங்களாகப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை; கை பிரேக் போட்டாலும் வீட்டு வாசல் சரிவில் வண்டி நகர்ந்தது. “பெரியப்பா, பின்னாடி டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போடப் போறேன். அறுபதாயிரம் ஆகுமாம்” என்றான். அந்த அறுபதாயிரம் அம்மாவின் மருத்துவத்துக்கு எடுத்து வைத்த பணம். அதனால்தான் நான் குறுக்கே பேசினேன்.

வாத்தியார் புத்தி, முதலில் கணக்குப் போட்டேன். ஆட்களோடு வண்டி 1,300 கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் உயரம் சுமார் 1,400 மீட்டர். அந்த ஆற்றல் ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் எங்காவது சூடாக மாறியே தீர வேண்டும். இன்ஜினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் மொத்தமும் பிரேக்கின் தலையில்தான்.

அடுத்தது, பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது. இறக்கத்தில் இன்னும் அதிகம். பின் சக்கரம் லேசாகிவிடும். அப்போது பின் பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியே திரும்பிவிடும். மழை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். இவன் வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது. டிஸ்க் போட்டால் மட்டும் போதாது. மாஸ்டர் சிலிண்டர், அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வு, கை பிரேக் கேபிள் எல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். கண்ட வண்டியிலிருந்து கழற்றி மாட்டினால் அந்தச் சமநிலை கெட்டுவிடும்.

டிஸ்க்கைக் குறை சொல்லவில்லை. சீக்கிரம் ஆறும், தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் காயும், தேய்மானத்தைப் பார்ப்பதும் சுலபம். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது தேவையாக இருக்கலாம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவனுக்கு?

“முதல்ல இருக்கிறதைக் கழற்றிப் பார்ப்போம்” என்றேன். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர் இப்போது பட்டறை வைத்திருக்கிறார். டிரம்மைக் கழற்றியதும், “சார், பின்னாடி பிரேக்கே இல்லாமத்தான் ஓடிட்டிருந்திருக்கு” என்றார். ஒரு பக்கம் வீல் சிலிண்டர் கசிந்து ஷூவெல்லாம் ஆயில். மறுபக்கம் தானாக இறுகிக்கொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஆயில் காபித் தண்ணீர் நிறம்.

செய்த வேலை இவ்வளவுதான்:

1. இரண்டு பக்கமும் புது ஷூ, புது வீல் சிலிண்டர், ஸ்பிரிங் செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

2. டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்தார்கள். அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் புது டிரம்தான்.

3. கை பிரேக் கேபிளும் ரப்பர் ஹோஸ்களும் புதிது.

4. பழைய பிரேக் ஆயிலை முழுதும் வெளியேற்றி டாட் 4 ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155தான். கொதித்தால் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மூடுபனி ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

5. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத விடவில்லை. பழைய ஷூவில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தார்கள்.

முன் சக்கர பேடையும் அப்போதே மாற்றியாயிற்று. மொத்தச் செலவு 11,400 ரூபாய். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, பிறகு வேகம் கூட்டிச் சோதித்த பிறகுதான் மலை இறங்கினான்.

பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அலாய் வீலுக்குள்ளே டிஸ்க் பளபளக்கும் அழகே தனி என்றான். இருக்கட்டும், சம்பாதித்து அப்புறம் போட்டுக்கொள்ளட்டும். இந்த நான்கு மாதத்தில் எட்டு முறை அம்மாவைக் கூட்டிப்போய் வந்துவிட்டான். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்ற பழைய பாடத்தையும் இப்போது கேட்கிறான்.

நம் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிது. அதற்கு முன்னால் ஒருமுறை பின் டிரம்மைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். கழற்றிப் பார்க்கும் கூலி சில நூறு ரூபாய்தான்.