சித்தப்பா வீட்டு ஃபைல்

சித்தப்பாவும் சித்தியும் கொட்டிவாக்கத்தை விட்டுக் கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போவதாக முடிவாகிவிட்டது. மகள் அமெரிக்காவில். ஆகவே ஃபைல் என் தலையில்.

*

முதல் தலைவலி முகவரி. வீட்டுப் பத்திரத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997இல் அது பிரிந்தபின் வந்த காகிதங்களில் காஞ்சிபுரம் மாவட்டம். 2011இல் ஊராட்சி போய் மாநகராட்சி வந்தது; வரி ரசீதில் பெருங்குடி மண்டலம். வருவாய்க் கணக்கில் சென்னை மாவட்டமானது 2018இல்தான். இத்தனைக்கும் பின்கோடு அதே 600041. வில்லங்கம் போட்டுப் பார்க்கக் கதவு எண் உதவாது, கிராமமும் சர்வே எண்ணும் வேண்டும். அந்த எண்ணை ஃபைல் அட்டையில் பெரிதாக எழுதி வைத்தாயிற்று.

*

அடுத்தது சித்தியின் பெயர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தாத்தாவின் இனிஷியல். பேங்க் பாஸ்புக்கில் சித்தப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சித்தப்பாவின் பெயர் முழுசாக விரிந்து, பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஒரு அஃபிடவிட். கையெழுத்துப் போடும்போது சித்தி கேட்டாள்: “இதுல எந்தப் பேர்லடா போடணும்?” நோட்டரியே கொஞ்சம் யோசித்தார்.

*

பக்கத்துப் பாலவாக்கத்தில் ‘விஷ்ராந்தி’ இருக்கிறது. ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கியது. யாருமில்லை என்பதுதான் அங்கே தகுதி. நாங்கள் நிரப்பும் படிவமோ பாதிக்குப் பாதி “யார் இருக்கிறார்கள்” என்றே கேட்கிறது: பொறுப்பாளர், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், மருத்துவமனையில் கையெழுத்திட வேண்டியவர். மூன்றிலும் என் பெயர். நான் இருப்பது அடையாறில்!

*

ஒப்பந்தத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். விலைக்கு வாங்கினால் பத்திரப்பதிவு, பட்டியலில் பிரிபடாத மனைப் பங்கு, அப்புறம் வாரிசு. ஆனால் வாரிசுக்கு வயது குறைவென்றால் சொத்து அவருடையது, குடியிருக்க மட்டும் முடியாது. டெபாசிட் கட்டிக் குடியிருப்பதென்றால் வேறு கேள்விகள். இருவரில் ஒருவர் போனபின் மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா? டெபாசிட் திரும்புவது எத்தனை நாளில், யார் கையில்? “அடுத்த ஆள் வந்தபின்” என்று ஒரு வரி இருந்தால் அது நாள் கணக்கே அல்ல. மாதக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டா?

எனக்கு உறுத்திய வரி வேறு. “தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளக்கூடியவராக இருத்தல் வேண்டும்.” முடியாமல் போனால்? “அதுக்குத் தனி பிளாக் இருக்கு சார், அது தனி சார்ஜ்” என்றார் போனில் வந்த பெண். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

*

உயில் சுலபம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமலிருப்பது நல்லது.

மகள் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்றார் சித்தப்பா. நான் வேண்டாமென்றேன். அன்றைக்கே கைமாறிவிடும் காகிதம் அது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில், பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நல்லது. சொந்த மகளிடம் அப்படி ஒரு வரி எழுதச் சித்தப்பாவுக்கு மனசில்லை. சரி, உயிலே போதும்.

*

“பவர் குடுத்துட்டாப் போச்சு, எல்லாத்தையும் நீ பாத்துக்கோ.” எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள். வக்கீல் சொன்னதைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. 1872 ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் இறந்தால் மட்டுமல்ல, அவருக்குச் சித்தம் பிசகினாலும் பவர் முடிந்துபோகும். அதாவது மறதி நோய் வந்து, பவர் உண்மையிலேயே தேவைப்படும் அன்றைக்கு அது இல்லை. 2017 மனநலச் சட்டத்திலும் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கும் ஏற்பாடு கிடையாது. கோமாவிலிருந்த கணவரின் சொத்தைக் கையாள ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் 2024இல் பாதுகாவலர் ஆனார்.

செத்த பிறகு யாருக்கு என்பதற்கு உயில், நாமினி, வாரிசுச் சான்றிதழ் என்று கட்டுக் கட்டாகக் காகிதம். இருந்துகொண்டே கையெழுத்துப் போட முடியாத காலத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு. எனக்கு அந்தக் காலத்தை நினைத்துத்தான் பயம்.

*

செய்ய முடிந்தது: பேங்க் டெபாசிட்டையெல்லாம் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று இருவர் பெயரிலும் மாற்றியது. நவம்பர் 2025 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். மகளும் நானும் போதும்.

மருத்துவ உயிலும் எழுதியாயிற்று. உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023இல் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்றார்கள். “டியூப் கீப் எல்லாம் வேணாம்னு தெளிவா எழுதுடா” என்றாள் சித்தி. சித்தப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். மறுநாள் காலையில் தானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

*

வாக்காளர் அட்டையைக் கோவைக்கு மாற்றப் படிவம் 8. சித்தப்பா மறுத்துவிட்டார். தேர்தலுக்கு ரயிலேறி வருவாராம். அங்கேயே நிரந்தரமாகக் குடிபோனால் ஓட்டும் அங்கேதான் என்பது சட்டம். இதில் மட்டும் அவரிடம் சட்டம் பேச முடியாது.

*

கடைசியில் கண்ணில் பட்டது காகிதமே இல்லாத ஒன்று. பேங்க், கேஸ், பென்ஷன், சித்தியின் ஆதார் உட்பட எல்லா ஓ.டி.பி.யும் சித்தப்பாவின் ஒரே போனுக்கு வருகின்றன. அந்த போனின் பின்நம்பர் சித்திக்குத் தெரியாது. புது சிம் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்; விரல்ரேகை பதிகிறதா என்று பார்க்க வேண்டும், போன தடவை பதியவில்லை.