மாவு வாய்

போன மாதம் நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். 'கவனத்துக்குரிய முயற்சி' என்று முடித்திருந்தேன். படித்துவிட்டு நேரில் வந்து கேட்டார்: "புஸ்தகம் தேறுமா, தேறாதா? அதைச் சொல்லவே இல்லையே நீங்க." என்னிடம் பதில் இல்லை. அவர் போனபின் ஓர் ஆங்கில வார்த்தை நினைவுக்கு வந்தது: மீலி-மௌத்ட்.

மீல் என்றால் அரைத்த தானியம், மாவு. வாயில் மாவை வைத்துக்கொண்டு பேசுகிறவன். 16-ம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் புழங்கும் வார்த்தை. லூதரின் ஜெர்மனிலும் வாயில் மாவை அடக்கிக்கொள்வது என்ற பிரயோகம் உண்டு. பொய்யனை இது குறிப்பதில்லை, மௌனியையும் அல்ல. இவன் பேசுகிறான்; சொல்லவேண்டியதை மட்டும் சொல்வதில்லை. பெரும்பாலும் அடுத்தவனைக் குற்றம் சாட்டவோ, 'நான் அப்படியல்ல' என்று மறுக்கவோதான் இது பயன்படுகிறது.

நம் வாயிலும் மாவு உண்டு. பதில் பேசாதவனை 'வாயில் என்ன கொழுக்கட்டையா?' என்கிறோம். ஆனால் அது மௌனத்துக்கு. 'பூசி மெழுகுவது', 'மென்று விழுங்குவது' இன்னும் அருகில் வருகின்றன. இவையோ செயலைச் சொல்பவை. மெழுகிய கையைக் கழுவிவிடலாம். ஆங்கில அடைமொழி ஆளோடு ஒட்டிக்கொள்கிறது. வாயாடி, ஓட்டைவாய், வாய்க்கொழுப்பு என்று அதிகம் பேசும் வாய்களுக்கெல்லாம் பெயர் வைத்த நாம், இந்த வாய்க்கு வைத்த பெயர் எனக்குத் தட்டுப்படவில்லை. இதைப் பண்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டோமோ?

இரண்டும் ஒன்றல்ல. இறந்தவரைக் 'காலமானார்' என்கிறோம், கேட்பவரின் துக்கத்தை உத்தேசித்து. செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'கவனத்துக்குரிய முயற்சி'யில் எதுவும் போய்ச் சேரவில்லை. அதில் காப்பாற்றப்பட்டவன் நண்பரல்ல, நான். நம் வட்டம் சிறியது. நாளை என் புத்தகம் அவர் கைக்குத்தான் போகும்.

ஆகவே அந்தக் கடைசி வரியை இங்கே திருத்திக்கொள்கிறேன். தொகுப்பில் 30 கவிதைகள். 26 பிறர் குரலில் பேசுகின்றன. 4 கவிதைகள் அவருடையவை, நிற்கக்கூடியவை. அந்த நான்கையும் மனசார நல்ல கவிதைகள் என்று சொல்லவிடாமல் தடுத்ததும் அதே மாவுதான்.