விரல் தெரியாத படம்

அருப்புக்கோட்டையில் நண்பர்கள் நால்வர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். எங்களில் ஒருவரின் தாத்தா குழித்தறி நெசவாளர். 2016-ஆம் ஆண்டு, இரவல் வாங்கிய கேமராவில் அவர் சேலை நெய்வதை அரைமணி நேரம் படம்பிடித்தோம். சென்ற ஆண்டு அவர் மறைந்தார். பாட்டி இப்போது திருச்சுழியில் மகள் வீட்டில் இருக்கிறார். முதலாண்டு நினைவு நாளன்று அப்படத்தைப் பெரிய தொலைக்காட்சியில் காட்டுவதாகப் பாட்டிக்கு வாக்களித்திருந்தோம்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்த கோப்பை அத்தொலைக்காட்சி ஏற்கவில்லை. ஆகவே கணினியையே மடியில் வைத்துக்கொண்டு, இருமருங்கும் சீமைக்கருவேலமும் வறண்ட கண்மாய்களுமாக விரியும் சாலையில் காரில் போய்ச் சேர்ந்தோம். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது என்பது எங்கள் எண்ணம். கூடத்தில் உறவினர்கள் பாய் விரித்து அமர்ந்துவிட்டார்கள். திரையிலோ 'சிக்னல் இல்லை' என்ற வாசகம் மட்டுமே மிதந்தது.

முதல் பிழை எங்களுடையது. கணினியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளைகள் இரண்டு. ஒன்று மதர்போர்டினுடையது, மற்றொன்று தனியாகப் பொருத்திய கிராபிக்ஸ் கார்டினுடையது. தனிக் கார்டு இருக்கும்போது பல கணினிகளில் மதர்போர்டின் துளை செயலற்றுவிடும். அவசரத்தில் நாங்கள் அதில்தான் செருகியிருந்தோம். மாற்றிச் செருகியதும் படம் வந்தது.

வந்த படம் கலங்கலாக இருந்தது. 1920×1080 என்ற அளவு தேர்வுப் பட்டியலிலேயே இல்லை. இதன் காரணம் சுவையானது. கேபிளை இணைத்ததும் கார்டு தொலைக்காட்சியிடம் 'நீ யார்?' என்று கேட்கிறது. தொலைக்காட்சி தன் பெயரையும், தன்னால் காட்டக்கூடிய அளவுகளையும் ஒரு சிறு குறிப்பாக அனுப்பவேண்டும். ஈடிஐடி எனப்படும் அக்குறிப்பின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்டுகள். அது வந்து சேராவிட்டால் கார்டு ஆபத்தில்லாத ஒரு தாழ்ந்த அளவைத் தானே தேர்ந்துகொள்ளும். 'நான் யார்?' என்ற கேள்வியை உலகுக்குத் தந்த ரமணர் 1879-இல் பிறந்த ஊரில் அமர்ந்து, ஓர் இயந்திரம் அக்கேள்விக்கு விடை சொல்லாததால் வியர்த்துக்கொண்டிருந்தோம். பெருமைக்காக வாங்கி வந்த நீளமான, மலிவான கேபிள்மீது ஐயம் எழுந்தது. வீட்டு செட்டாப் பாக்ஸின் குட்டைக் கேபிளைக் கழற்றிப் போட்டு, தொலைக்காட்சியை முதலிலும் கணினியைப் பின்னரும் இயக்கினோம். 1920×1080 பட்டியலில் தோன்றியது.

படம் தெளிந்தது. தாத்தா தறியில் அமர்ந்திருந்தார். பாட்டி சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அவுக முகம் நல்லாத் தெரியுது. வெரலக் காணமே?"

சின்ன வீடு அது. கேமராவைத் தள்ளிவைக்க இடமில்லாததால் அவருடைய விரல்கள் சட்டகத்தின் கீழ் விளிம்பை ஒட்டியே பதிவாகியிருந்தன. கணினித் திரையில் அவை தெரிந்தன. தொலைக்காட்சி அவற்றை வெட்டிவிட்டது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரங்கள் ஒழுங்காக நில்லா. அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்புகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பின்னும் பழக்கம் போகவில்லை. உயரத்தில் 5 விழுக்காடு போனாலே 1080 வரிகளில் 54 மறையும். கீழ்ப்புறம் மட்டும் 27. விரல்கள் மறைய அது போதும்.

கார்டின் மென்பொருளில் படத்தைச் சுருக்கிப் பார்த்தோம். விரல்கள் வந்தன, ஆனால் கார்டு ஒருமுறை சுருக்க, தொலைக்காட்சி மறுமுறை பெரிதாக்க, நூலிழைகள் குழைந்துபோயின. சரியான மருந்து தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் இருந்தது. 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று கம்பெனிக்கொரு பெயர் சூட்டியிருப்பார்கள். அதைத் தேர்ந்ததும் புள்ளிக்குப் புள்ளி படம் பொருந்தியது.

எஞ்சியது ஒலி. விண்டோஸ் அதைக் கணினியின் ஸ்பீக்கர் துளைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒலி அமைப்பில் தொலைக்காட்சியைத் தேர்ந்தோம். கூடம் முழுதும் தறிச்சத்தம் நிறைந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பாட்டி அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழுந்து திரையருகே சென்று, கண்ணைச் சுருக்கி, பாவின்மேல் விரல் வைத்தார். "இந்தா பாரு, ஒரு இழ அத்துப்போயிருக்கு. பாக்காம நெய்றாக. நாந்தான் பக்கத்துல இருந்து சொல்லணும், எப்பவும்."

நாங்கள் அப்படத்தைப் பலமுறை பார்த்தவர்கள். அறுந்த இழையை ஒருவரும் கண்டதில்லை. அவர் காட்டிய பின்னரே எங்களுக்கும் தெரிந்தது. அன்று மாலை முழுதும் நாங்கள் தேடித் திருத்திய அத்தனை பிழைகளும் அந்த ஓர் இழை தெரிவதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இதேபோல் திண்டாடும் நண்பர்களுக்கு ஒரு சொல்: கார்டைக் குறைகூறும் முன் துளை, கேபிள், தொலைக்காட்சி அமைப்பு, ஒலி என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் சரியானதும், படத்தில் இருப்பவரை நன்கறிந்த ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.