நுனி தொடும் இடம்

தெர்மாஸ்டாட்டுக்கு இரண்டே வார்த்தைகள்தான் தெரியும். ஓடு, நில். இஸ்திரிப் பெட்டியிலும் ஃபிரிட்ஜிலும் ஏர்கண்டிஷனரிலும் அது இந்த இரண்டைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தெர்மாமீட்டர் இவ்வளவு சூடு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தெர்மாஸ்டாட் சொல்வதோடு நிற்பதில்லை, காரியத்திலும் இறங்குகிறது. ஆகவே அது தப்பாகச் சொன்னால் தப்பான காரியம் நடந்துவிடுகிறது. விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். எனக்கு யோசிக்க நேர்ந்தது விமர்சனத்தின் வழியாக அல்ல.

விக்கிரமங்கலத்தில் எங்களுடையது மெத்தை வீடு. அரியலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் கான்கிரீட் கூரை, ராத்திரி பத்து மணிக்கு மேலும் அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு இல்லை. வலது பக்கம் அசைவும் இல்லை. வயதாக ஆக உடம்பு வெப்பத்துக்கு ஈடுகொடுப்பது மந்தப்பட்டுவிடுகிறது. வியர்வை குறைகிறது, தாகம் உறைப்பதில்லை. அதைச் சொல்லவும் முடியாத ஒருவருக்காகத்தான் பழைய ஜன்னல் ஏர்கண்டிஷனர் ஒன்றை வாங்கி மாட்டினோம்.

இரண்டாவது கோடையில் அது முரண்டு பிடித்தது. காற்றாடி ஓடும், கம்ப்ரஸர் இரண்டு மூன்று நிமிஷம் ஓடி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பப் பார்க்கும். 'உம்' என்று ஒரு முனகல், 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு நெடுநேரம் மௌனம். டவுனிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போச்சு சார், இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு" என்றார். முன்பக்க மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. அட்டையை மட்டும் பார்த்து எழுதப்படும் மதிப்புரைகளை வாசித்துப் பழகியவனாதலால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை.

எங்கள் தெருவில் ஐ.டி.ஐ. படித்த பையன் ஒருவன் இருக்கிறான். அவன் வந்து முதலில் பார்த்தது மிஷினை அல்ல, அப்பாவை. "தாத்தா போர்வையத் தள்ளிக்கிட்டே இருக்காரே அண்ணே. மிஷினு மட்டும் போதும் போதும்னு நிக்குது" என்றான். பிறகு பிளக்கைப் பிடுங்கினான். பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதையும் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைத்தான்.

இந்தப் பழைய மாடல்களின் வயரிங் ரொம்பச் சிக்கனமானது. திருகு ஸ்விட்சிலிருந்து ஒரு வயர் தெர்மாஸ்டாட்டுக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொன்று ஓவர்லோட் என்ற காவல் வில்லை வழியாகக் கம்ப்ரஸருக்குப் போகிறது. தெர்மாஸ்டாட்டிலிருந்து தனியாக ஒரு மெல்லிய குழாய் நீளும். அதற்குள் அடைத்திருக்கும் வாயு சூட்டில் விரிந்து தகடு ஒன்றைத் தள்ள, தொடர்பு சேரும். குளிரில் சுருங்க, தொடர்பு விடும்.

பையன் தெர்மாஸ்டாட்டின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தான். அறையில் 34 டிகிரி, திருகு உச்சக் குளிரில். அப்படியானால் தொடர்பு சேர்ந்திருக்க வேண்டும்; சேர்ந்திருந்தது, மீட்டர் கத்தியது. வயர்களை நுனியிலிருந்து நுனிவரை பார்த்தான். எங்கும் அறுபடவில்லை, எலி கடிக்கவில்லை, லக்குகள் கருகவில்லை. கம்ப்ரஸரின் மூன்று முனைகளுக்கிடையே மின்தடையை அளந்தான். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு, அதுவும் பிசகவில்லை. எல்லாம் சரி, ஆனால் மிஷின் ஓடவில்லை.

கடைசியாக, குளிரில் தொடர்பு விடுகிறதா என்று பார்க்க ஐஸ் கட்டி வைக்கவேண்டி, அந்த மெல்லிய குழாயின் நுனியைத் தேடினான். அறைக் காற்று உள்ளே இழுக்கப்படும் வழியில், குளிர்க்குழாய்களின் தகடுகளைத் தொடாமல், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் அது உட்கார்ந்திருக்க வேண்டும். கிளிப் உடைந்திருந்தது. நுனி சரிந்து தகட்டின்மேல் படுத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் முதலில் குளிர்வது அந்தத் தகடு. நுனி அந்தக் குளிரைத் தொட்டுவிட்டு, அறை குளிர்ந்தாயிற்று, நில் என்கிறது. காற்றாடி ஓட ஓடத் தகடு சீக்கிரமே சூடேறி, ஓடு என்கிறது. நின்ற கம்ப்ரஸருக்குள் இருபுறமும் அழுத்தம் சமனாகச் சுமார் மூன்று நிமிஷமாவது வேண்டும். அதற்கு முன்னால் கிளம்பச் சொன்னால் கிளம்பாது. முனகும், சூடாகும், காவல் வில்லை அறுத்துவிடும். மெக்கானிக் கேட்டது அந்த மௌனத்தைத்தான். மிஷினில் பலக்குறைவு ஏதுமில்லை. தன் குளிர்ச்சியையே அது அறையின் குளிர்ச்சி என்று நம்பிக்கொண்டிருந்தது. வயர்களும் விசுவாசமானவைதான். அவை தவறான செய்தியை மிக நேர்மையாகக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தன.

பாங்கில் வேலை செய்கிறவனுக்கு இந்த நிலைமை புதிதல்ல. பேரேடுகள் கையால் எழுதப்பட்ட காலத்தில் வேலை பார்த்த மூத்தவர்கள் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், டேலியாகாத வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது. 54 என்பதை 45 என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது பாடம்தான் முக்கியமானது. ஒருவர் கணக்கில் போகவேண்டிய பணம் இன்னொருவர் கணக்கில் போயிருந்தால் டேலி கச்சிதமாக இருக்கும். பற்றும் வரவும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துக்கொள்ளும். பிழையைச் சொல்ல, பணம் வராதவர் கவுண்ட்டருக்கு வந்து நிற்க வேண்டும். தனக்குள்ளேயே பொருந்திப்போகிற ஒரு அமைப்பு, வெளியே இருக்கும் ஒருவரைச் சார்ந்துதான் தன் தவற்றை அறியமுடியும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இது மாறிவிடவில்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-ல் ஒரு மின்சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். வகுப்பறையின் சூடு குறைந்தால் கீழே கொதிகலன் அறையில் இருப்பவருக்கு அது சேதி சொல்லும். அதற்கு முன் பணியாள் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம். ஆக, ஆரம்பத்தில் வயர் சுமந்தது சேதியை மட்டுமே. முடிவெடுத்தது மறுமுனையில் இருந்த மனிதர். நார்பெர்ட் வீனர் 1948-ல் 'சைபர்னெட்டிக்ஸ்' எழுதியபோது பின்னூட்டத்துக்கு உதாரணமாக வீட்டுத் தெர்மாஸ்டாட்டை எடுத்துக்கொண்டார். அதற்குள் மறுமுனையில் மனிதர் தேவைப்படாமல் போயிருந்தார். வசதிதான். ஆனால் சந்தேகப்படும் திறனும் அவரோடு வெளியேறிவிட்டது. இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏர்கண்டிஷனர்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படவேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த 24 மிஷினுக்குள் இருக்கும் நுனியைப் பற்றியது. கட்டிலில் படுத்திருப்பவரைப் பற்றியது அல்ல.

நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலைப் பற்றி இதை வைத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாம் ஒருவரையொருவர் வாசிக்கிறோம், எழுதுகிறோம், மறுக்கிறோம். டேலி சரியாக வருகிறது. இதழ் தீவிரமாக இருக்கிறது என்று நாம் உணர்வது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் நுனி எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. 1959-ல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா பிற்பாடு புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனதை நாம் தியாகம் என்று சொல்லிச் சொல்லி அதை ஒரு படமாக்கி மாட்டிவிட்டோம். எனக்கு அதில் தியாகத்தைவிட ஒரு முறைமைதான் தெரிகிறது. வாங்காதவன் முகத்தையும் வாங்கியும் படிக்காதவன் முகத்தையும் நேரில் பார்த்தவர் அவர். வெளிக்காற்று வரும் வழியில் நுனியை வைத்தவர் என்று சொல்லலாம். சிறிய வட்டமாக இருப்பதில் குற்றமில்லை. வட்டத்தின் குளிர்ச்சியை ஊரின் குளிர்ச்சியாக எடுத்துக்கொண்டு, போதும் என்று நின்றுவிடுவதில்தான் இருக்கிறது.

பையன் நுனியை நிமிர்த்தி, ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டி, தகட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டான். அரைமணி நேரத்துக்கு மேல் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது. கட்டிலின் தலைமாட்டில் நான் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறேன். அதற்குக் காரியம் எதுவும் செய்யத் தெரியாது என்பதால் அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். இருந்தாலும் ராத்திரியில் எழுந்தால் நான் முதலில் பார்ப்பது அதை அல்ல, அப்பாவின் இடது கையை. போர்வை மார்புவரை இருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.