திரும்பி வந்ததன்று

புற்றுநோயைக் கண்ட இல்லங்களில் யாவரும் அஞ்சுகிற சொல் ஒன்று உண்டு: "திரும்பி வந்துவிட்டது." எங்கள் மாமாவுக்கு உணவுக்குழாயில் கட்டி என்று தெரிந்தபோது உறவினர் அனைவரும் அச்சொல்லையே சொன்னார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் புற்று இருந்தது. அறுவையும் கதிர் சிகிச்சையும் பெற்று நலமடைந்திருந்தார். "இனி எதற்குச் செலவு?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அன்று வேளாங்கண்ணிக்கு நடந்துசென்று செலுத்திய நன்றி பொய்யாகிவிட்டதோ என்று மாமி எங்களைக் கேட்டார்.

மருத்துவரோ, "பழைய நோய் திரும்பவில்லை, இது புதியது" என்றார். ஒருவருடைய உடலிலேயே, ஒன்றிலிருந்து மற்றொன்று பரவாமல், இரண்டு புற்றுகள் தனித்தனியே தோன்றலாம் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். அப்படியானால் முதல் நோய் நீங்கியது நீங்கியதுதான். அதற்குச் செலுத்திய நன்றியும் வீணன்று. மாமிக்கு அதை எடுத்துச் சொன்னோம். சற்று நேரம் அழுதார்.

மருத்துவ உலகுக்கு இது புதிதன்று. 1932ஆம் ஆண்டிலேயே வாரன், கேட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இதற்கு அளவுகோல் வகுத்தனர்: இரண்டும் புற்றே என உறுதிப்பட வேண்டும், இரண்டும் தனித்து நிற்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவலாக இருத்தல் ஆகாது. ஏட்டில் நுட்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு நோயாளிக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி. வேறோர் உறுப்புக்குப் பரவிய புற்று பெரும்பாலும் முற்றிய நோயாகவே கருதப்படும். புதிய புற்றோ, தொடக்கத்திலேயே அகப்பட்டால், குணப்படுத்தும் நோக்குடனேயே மருத்துவம் பெறத்தக்கது. ஆகவே பழைய திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டார்கள். மாமி அதைத் தம் திருமணச் சேலையின் மடிப்பில் வைத்திருந்தார். (நலமானதும் இத்தகைய தாள்களை எறிந்துவிடுவோர் நம்மிடையே எத்தனை பேர்!)

மாமா நாற்பது ஆண்டுகள் புகையிலையோடு வெற்றிலை போட்டவர். அந்தச் சாறு கன்னத்தோடு நிற்பதில்லை. தொண்டையிலும் உணவுக்குழாயிலும் இறங்குகிறது. 1953இல் ஸ்லாட்டர் என்பவரும் உடன் பணியாற்றியோரும் வாய்ப்புற்றுகளை ஆராய்ந்தபோது, கட்டியைச் சுற்றி நலமாகத் தோன்றிய பகுதியும் மாறியிருக்கக் கண்டனர். ஒரு களையைப் பிடுங்கினோம்; வயலெங்கும் விதை விழுந்திருந்தது.

எல்லாருக்கும் காரணம் புகையிலையன்று. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் மார்பகத்திலும் சினைப்பையிலும் தனித்தனியே புற்று காணும் பெண்கள் உண்டு. இளமையில் உயிர் காத்த கதிர் சிகிச்சையே பல்லாண்டு கழித்து மற்றொன்றுக்கு வித்தாவதும் உண்டு. "இரண்டு முறை வந்ததென்றால் என்ன பாவமோ?" என்று கேட்கும் அன்பர்கள் இதை அறிந்தால் நன்று.

மாமா புகையிலையை விட்டுவிட்டார். இப்போது தொண்டையையும் நுரையீரலையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மூன்றாவது வருமோ என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. குறித்த தேதி வந்ததும் இருவரும் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் புறப்படுகிறார்கள்.